தம்பி கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை: ‘டோக்கியோ மேக்னிட்யூட் 8.0’ பார்த்தவர்கள் ஏன் அழுகிறார்கள், ஏன் கோபப்படுகிறார்கள்

‘டோக்கியோ மேக்னிட்யூட் 8.0’, டோக்கியோவில் ஒரு பெரும் நிலநடுக்கம் வந்தால் என்று கற்பனை செய்து, 2009-இல் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர். மொத்தம் 11 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 23 நிமிடம். ஒரே மூச்சில் பார்த்தால் நாலு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும். பார்த்து முடித்தவர்களில் சிலர் இரண்டு நாள் பேச்சு வராமல் இருக்கிறார்கள். சிலர் “ஏமாத்திட்டாங்க” என்று திட்டுகிறார்கள். சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ‘எல்லாரும் அழுதேன்னு சொல்றாங்களே, எனக்கு மட்டும் ஏன் வரல’ என்று தன் மேலேயே சந்தேகம் வருகிறது. பெரிய நிலநடுக்கம் எதையும் பார்த்திராத மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேரிடருக்கு நாம் ஏன் இப்படி உடைந்துபோகிறோம்?

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கதையின் முடிவைச் சொல்லியே ஆகவேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை, சுருக்கமாக

போன்ஸ், கினெமா சிட்ரஸ் என்ற இரண்டு ஸ்டூடியோக்கள் சேர்ந்து தயாரித்தது. இயக்கம் மசாகி டச்சிபானா. ஃபுஜி டிவியில் 2009 ஜூலை 9 முதல் செப்டம்பர் 17 வரை வியாழன்தோறும் பின்னிரவில் வந்தது.

மிராய் என்ற நடுநிலைப்பள்ளி மாணவிக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். கோடை விடுமுறையில் தம்பி யூகியை, டோக்கியோ விரிகுடாவில் உள்ள செயற்கைத் தீவான ஓடைபாவில் நடக்கும் ரோபோ கண்காட்சிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. ‘இந்த உலகமே உடைஞ்சு போயிடலாம்’ என்று சலிப்பில் போனில் தட்டுகிறாள். அடுத்த கணம் நிலம் ஆடுகிறது. பாலங்கள் இடிகின்றன. மரி என்ற பைக் கூரியர் பெண் இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் வீட்டில் ஒரு சின்ன மகளும் வயதான தாயும் இருக்கிறார்கள். மூவரும் வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.

பிள்ளைகளின் வீடு செடகாயா வட்டாரத்தில். ஓடைபாவிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால், திருப்பரங்குன்றத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் உள்ள இடைவெளிதான். நல்ல நாளில் அரை நாள் நடை. அந்த நடைதான் மிச்சமுள்ள தொடர் முழுவதும்.

‘8.0’ என்பது எதை அளக்கிறது?

தலைப்பில் உள்ள எண்ணைப் பலர் ‘பத்துக்கு எட்டு மார்க்’ மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். மேக்னிட்யூட் என்பது நிலநடுக்கம் வெளிவிடும் ஆற்றலின் அளவு. எண் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. நாம் நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது வேறு அளவு. ஜப்பானில் அதை ‘ஷிண்டோ’ என்கிறார்கள். 0-இல் தொடங்கி 7 வரை, 5-ஐயும் 6-ஐயும் கீழ், மேல் என்று பிரித்து மொத்தம் 10 படிகள். குழாய் விளக்கின் வாட் எவ்வளவு என்பது முதல் கேள்வி. நம் பாயில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது இரண்டாவது கேள்வி. ஒரே நிலநடுக்கத்துக்கு மேக்னிட்யூட் ஒன்றுதான், ஷிண்டோ ஊருக்கு ஊர் மாறும்.

டோக்கியோவுக்கு நேர் அடியில் 7 அளவிலான நிலநடுக்கம் 30 ஆண்டுகளுக்குள் வர 70 சதவீத வாய்ப்பு என்பது ஜப்பான் அரசின் மதிப்பீடு. தொடர் அந்த பயத்தை எடுத்துக்கொண்டு ஒரு எண் ஏற்றியிருக்கிறது. 1923 செப்டம்பர் 1-இல் அந்த வட்டாரத்தைத் தாக்கியது 7.9; இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர். அந்தத் தேதியைத்தான் இன்றும் பேரிடர் தடுப்பு நாளாக வைத்துப் பள்ளிகளில் ஒத்திகை நடத்துகிறார்கள். ஆக, ஜப்பானியப் பார்வையாளருக்கு இது கற்பனைக் கதை என்பதைவிட நாள் குறிக்காத செய்தி. தொடரில் செய்தி வாசிக்கும் பாத்திரமாக வருபவர் அப்போது உண்மையிலேயே அதே சேனலில் செய்தி வாசித்த கிறிஸ்டெல் டகிகாவா, குரலும் அவருடையதே. நம் ஊர் நாடகம் ஒன்றில் புயல் அறிவிப்பைச் சொல்ல வானிலை ரமணனே திரையில் வந்தால் வயிற்றில் ஒரு கணம் என்ன செய்யுமோ, அந்த வேலையை அது அங்கே செய்தது. இங்கே பார்க்கிறவர்களுக்கு அந்த அதிர்ச்சி வராது. வேறு அதிர்ச்சிகள் வரும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச் 11-இல் 9.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது இந்தத் தொடரை ‘முன்கூட்டியே சொன்ன தொடர்’ என்று கொண்டாடினார்கள். அது சரியில்லை. 2011-இல் நடந்தது வடகிழக்குக் கடலடியில். பெரும்பாலான உயிர்களைக் குடித்தது சுனாமி. தொடரில் இடிந்துவிழும் டோக்கியோ கோபுரம், 333 மீட்டர் உயரம், நிஜத்தில் உச்சிக் கம்பி மட்டும் வளைந்து நின்றது.

அழுகை எங்கிருந்து வருகிறது?

நிலநடுக்கம் முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது. கட்டடம் சரிகிறது, புகை, கூட்டம், ஓட்டம். அந்த இடத்தில் யாரும் அழுவதில்லை, பதறுகிறோம். கண்ணீர் பெரும்பாலும் பதற்றத்தின் உச்சியில் வருவதில்லை, அது தளர்கிற இடத்தில்தான் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் கல் மாதிரி நின்றவர், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உடைவார். தொடரை எழுதியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் அதைக் கட்டிய வரிசை இது:

1. முதலில் தம்பியை நமக்குப் பிடிக்க வைக்கிறார்கள். யூகி சிணுங்குவதில்லை, அக்காவின் எரிச்சலைத் தாங்கிக்கொள்கிறான், ரோபோ என்றால் உயிர். அழகான பையனைக் காட்டிவிட்டுக் கொல்லப்போகிறார்கள் என்று ஊகிக்கிறவர்கள் இங்கேயே உஷாராகிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் அடுத்த படிகள்.

2. டோக்கியோ கோபுரம் சரிந்த பிறகு யூகிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. சோர்வு, பிறகு மயக்கம், பிறகு மருத்துவமனை. 8-ஆவது பகுதி.

3. மிராய் ஒரு கனவு காண்கிறாள்: தம்பி இறந்துவிட்டான். விழித்துப் பார்த்தால் பக்கத்திலேயே நிற்கிறான். பார்வையாளர் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறார். எழுத்தாளர் வைத்த பொறி இந்த மூச்சுதான். எதிர்பார்த்த சாவை நடத்திக் காட்டி, அதைக் கனவு என்று சொல்லிவிட்டால், அந்தக் கணக்கு தீர்ந்தது என்று மனம் முடிவுசெய்துவிடும்.

4. இரண்டாவது ‘அப்பாடா’வும் உண்டு. மரியின் வீடு எரிந்து கிடக்கிறது. தாயும் மகளும் போய்விட்டார்கள் என்றே அவள் நினைக்கிறாள். கடைசியில் இருவரும் உயிரோடு கிடைக்கிறார்கள். ஒருத்திக்கு நல்லது நடந்துவிட்டால் கதை நல்ல பக்கம் திரும்பிவிட்டது என்று நம்புவது நம் இயல்பு.

5. 9, 10-ஆவது பகுதிகளில் யூகி பேசுகிறான், நடக்கிறான், அக்காவோடு வருகிறான். ஆனால் மிராயைத் தவிர யாரும் அவனுக்குப் பதில் சொல்வதில்லை. மரி பேசும்போது இடைவெளி விட்டுப் பேசுகிறாள். மிராயைப் பார்க்கும் பார்வையில் ஒரு தயக்கம். முதல்முறை பார்க்கிறவர் இதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்.

6. 10-ஆவது பகுதியில் உண்மை. கனவு என்று நினைத்தது கனவில்லை. யூகி மருத்துவமனையிலேயே இறந்துவிட்டான். இவ்வளவு நேரம் மிராயோடு நடந்தது அவள் மனம் விட்டுக்கொடுக்காத தம்பி.

ஆறாவது படியில் நடப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். உளவியலில் ‘மறுப்பு’ என்று ஒரு சொல் உண்டு. தாங்க முடியாத செய்தி வரும்போது, அது காதில் விழுந்தும் உள்ளே இறங்காமல் மனம் நிறுத்தி வைப்பது. சாவு வீட்டில், இறந்தவருக்குச் சேர்த்து காபி டம்ளர் எடுத்து வைக்கும் கையை நாம் பார்த்திருக்கிறோம். பொதுவாகக் கதைகள் இதை வெளியிலிருந்து காட்டும்; பாத்திரம் மறுக்கும், நமக்கு உண்மை தெரியும், நாம் பரிதாபப்படுவோம். இந்தத் தொடர் நம்மையும் அந்தக் குழிக்குள் இறக்கிவிடுகிறது. நாமும் இரண்டு பகுதி நேரம் செத்தவனோடு நடந்திருக்கிறோம். உண்மை தெரிந்ததும் நமக்கு வருவது மிராய் மேல் இரக்கம் மட்டுமில்லை. நம் சொந்தக் கண்ணே நம்மை ஏமாற்றியதில் வரும் ஆட்டம். உடனே மனம் பின்னால் ஓடி, 8-ஆவது பகுதியிலிருந்து ஒவ்வொரு காட்சியாகத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. அப்போ அவன் அங்க இல்லையா? மரி அதுக்காகத்தான் அப்படிப் பார்த்தாளா? பார்த்து முடித்து இரண்டு நாள் இது தலைக்குள் ஓடுவதற்குக் காரணம் இந்த மறுவாசிப்புதான். துக்கத்தோடு ஒரு கணக்கையும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே இன்னொரு வித்தியாசம். 2009-இல் வாராவாரம் பார்த்தவர்களுக்கு 8-ஆவது பகுதி ஆகஸ்ட் 27. 10-ஆவது பகுதி செப்டம்பர் 10. இடையில் பதினான்கு நாள். சந்தேகப்பட, துப்புகளைக் கோக்க, மனதைத் தயார்செய்ய நேரம் இருந்தது. இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு 8-ஆவதைப் போட்டால் பத்தேகாலுக்கெல்லாம் உண்மை வந்து விழுந்துவிடும். அன்றைய பார்வையாளர் மறுப்பில் இரண்டு வாரம் வாழ்ந்தார்; இன்றைய பார்வையாளர் ஒரு மணி நேரத்தில் தூக்கிப்போடப்படுகிறார். அடி பலமாக விழுவது இவருக்குத்தான், யோசித்துத் தேற இடமில்லாததால்.

‘ஒனே-சான்’ என்றால் அக்கா

தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு தனி வழி திறக்கிறது. ஆங்கில எழுத்து வரிகளை வாசித்துக்கொண்டே பார்த்தாலும் காதில் விழுவது ஜப்பானியம். யூகி அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஒனே-சான்’ என்கிறான். திரையின் கீழே அதைப் பேராகவோ வேறு எப்படியோ மாற்றிப்போடுவார்கள். நாலாவது தடவை கேட்கும்போதே நமக்கு விளங்கிவிடும்: இது ‘அக்கா’. மூத்தது ஒரு சொல், இளையது ஒரு சொல் என்று பிரித்து வைத்திருக்கும் மொழி ஜப்பானியம், தமிழும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினை இல்லை. 10-ஆவது பகுதியின் தலைப்பே ‘அக்கா, வந்து...’ என்று இழுக்கிற மாதிரியான ஒரு விளிப்பு. சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்கும் சின்னப் பையனின் குரல்.

அக்கா என்ற சொல்லோடு நம் வீடுகளில் ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, கையில் ஒரு பொடியன். கூட்டம் நெருக்க நெருக்க அவள் பிடி விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறுகிறது. “ஏ பாப்பா, தம்பி கைய விட்றாத, பாத்துக்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பையன் ஜிகர்தண்டா வண்டியைப் பார்த்து இழுக்கிறான். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்கிறாள். அவளும் திருவிழா பார்க்கத்தான் வந்தவள், ஆனால் அவள் கண்ணில் படுவது தம்பியின் உச்சந்தலை மட்டும். மிராயின் முதல் பகுதி எரிச்சல் இதேதான். அதனால்தான் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்தத் தொடர் மற்றவர்களைவிடக் கடுமையாக வலிக்கிறது. ‘தொல்லை’ என்று ஒரு தடவையாவது நினைத்தவர்கள் அவர்கள்.

உயிர் தப்பியவரின் குற்ற உணர்வு என்பது இதன் அடுத்த படி. கூட இருந்தவர் போய் நாம் மிஞ்சும்போது, எந்தத் தப்பும் செய்யாமலேயே ‘நான் அப்போ அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்’ என்று மனம் தானே குற்றப்பத்திரிகை எழுதும். உலகம் உடையட்டும் என்று தட்டியவள் மிராய். அவள் தட்டியதால் நிலம் ஆடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிவதால் ஒன்றும் குறைவதில்லை.

கோபத்தில் இரண்டு வகை

முதல் வகை, மிராய் மேல். ‘சும்மா சிணுங்கிட்டே இருக்கா, எரிச்சலா இருக்கு’ என்று இரண்டாவது பகுதியோடு நிறுத்திவிடுகிறவர்கள். அவள் சிணுங்குவது உண்மை. அது எழுத்துக் குறை இல்லை. கடைசியில் அவள் சுமக்கப்போகும் பாரத்துக்கு அங்கேதான் அஸ்திவாரம். ஆனாலும் முதல் இரண்டு மூன்று பகுதிகளில் அதைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்திருக்கிறார்கள் என்பது நியாயமான புகார்.

இரண்டாவது வகை, கதை சொன்னவர்கள் மேல். ‘செத்தவனை உயிரோட காட்டி ஏமாத்துறது என்ன நியாயம்?’ இந்தக் கோபத்தைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. திருப்பம் நேர்மையாகச் செய்யப்பட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: இரண்டாம் முறை பார்க்கும்போது காட்சிகள் பொய்யாகிப்போகின்றனவா, இல்லை வேறு பொருள் தருகின்றனவா? இந்தத் தொடரில் 9-ஆவது பகுதியைத் திரும்பப் பார்த்தால் மரியின் ஒவ்வொரு தயக்கமும் பொருந்துகிறது. துப்புகளை மறைக்கவில்லை, நாம் பார்க்க விரும்பவில்லை. அந்த அளவில் சோதனையில் தேறுகிறது. ஆனால் கனவு என்று காட்டிய அந்த ஒரு காட்சி கொஞ்சம் கள்ள ஆட்டம்தான்.

அழுகை வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பை முன்னமே பிடித்தவர்களுக்கும், முடிவை யாரோ சொல்லிக் கேட்டவர்களுக்கும் மேலே சொன்ன ஆறு படிகள் வேலை செய்யாது. உண்மையிலேயே இப்படி ஒருவரை இழந்தவர்களுக்குச் சிலசமயம் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். மரத்துப்போவதும் ஓர் எதிர்வினைதான். நெஞ்சில் ஈரம் இல்லை என்று பொருள் இல்லை.

நொடியும் அடியும்

மதுரை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2002 வரைபடத்தில் நிலநடுக்க மண்டலம் 2. அந்த வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவு அதுதான். சென்னையும் கோவையும் மண்டலம் 3. நம் பேரிடர் தண்ணீர் வழியாக வருவது.

ஜப்பானில் 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை ஒலி உண்டு. நிலநடுக்கத்தில் முதலில் வரும் அலை வேகமானது, அதிகம் சேதம் செய்யாது. பின்னால் வரும் அலைதான் ஆட்டி இடிப்பது. முதல் அலையைக் கருவி பிடித்ததும் போன்கள் அலறும். கிடைப்பது சில நொடிகள். காலடியிலேயே வெடித்தால் அதுவும் கிடையாது. நமக்கு வைகை அணை நொடியில் பேசுவதில்லை, அடியில் பேசுகிறது. முழுக்கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் போகும்.

நேரம் கூடக் கிடைப்பதால் பயம் குறைகிறது, பயம் குறைவதால் கவனமும் குறைகிறது. ‘ஆத்துல தண்ணி வந்திருச்சு’ என்றால் ஏவி பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரம் வேடிக்கைக் கூட்டம் நிற்கும். பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். எச்சரிக்கையே தராமல் வருவது உள்ளூர் மழை. 2024 அக்டோபர் 25-இல் கொட்டிய மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அணையின் அடிக்கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு ‘நமக்கு இது வராது’ என்று சமாதானம் அடைகிறவர்கள், ஆட்டத்தைப் பார்த்தார்களே தவிர பிரிந்துபோன குடும்பத்தைப் பார்க்கவில்லை.

தொடர் தப்பாகச் சொல்லித்தரும் ஒரு பாடம்

வீட்டுக்கு நடப்பதுதான் கதை. அதுதான் நம்மை உருக்குகிறது. ஆனால் டோக்கியோ இன்று சொல்வது அதற்கு நேர் எதிர்: நடக்காதே.

2011 மார்ச் 11 இரவு டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் ஏறக்குறைய 51 லட்சம் பேர் என்று ஜப்பான் அரசு கணக்கிட்டது. சாலை முழுக்க நடப்பவர்கள். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழியில்லை. அதனால் 2013 ஏப்ரலில் ஒரு விதி வந்தது: அவசரப்பட்டு நகரத் தொடங்காதே, பாதுகாப்பான கட்டடமாக இருந்தால் அங்கேயே இரு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மூன்று நாள் சரக்கு வைக்க வேண்டும்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வீதம் 9 லிட்டர் தண்ணீர், 9 வேளை உணவு, ஒரு போர்வை. மூன்று நாள் என்பதற்குக் காரணம், இடிபாட்டில் சிக்கியவர்களை உயிரோடு மீட்கக் கூடிய முதல் 72 மணி நேரம் சாலை மீட்பு வண்டிகளுக்குத் தேவை.

மதுரைக்கு இதைப் பொருத்தினால், நம் ஊரை இரண்டாகப் பிரிப்பது ஆறு. அப்பா தெற்கே சிம்மக்கல்லில், பிள்ளை வடக்கே கே.கே. நகர்ப் பள்ளியில், அம்மா தெப்பக்குளத்தில் என்றால், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிய அன்று செய்ய வேண்டியவை இவை:

1. யார் எந்தக் கரையில் இருந்தாலும் அந்தக் கரையிலேயே தங்க ஒரு வீடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். வடகரையில் ஒரு சித்தி வீடு, தென்கரையில் ஒரு மாமா வீடு போதும்.

2. பள்ளியிலிருந்து பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று இரண்டு பேர் பெயரைப் பள்ளியில் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் இரு பக்கமிருந்து ஓடி, நடுப்பாலத்தில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான தப்பு.

3. வெளியூரில் ஒரு சொந்தக்காரர் எண். உள்ளூர் அழைப்புகள் நெரிசலில் விழாதபோது வெளியூருக்குக் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். எல்லாரும் அவருக்கே தகவல் கொடுக்க வேண்டும். எண் போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போச்சு. காகிதத்தில் எழுதி பிள்ளையின் பையில் போடவும்.

4. தண்ணீர்க் கணக்கு எளிது: 20 லிட்டர் கேன் ஒன்று, இரண்டு பேருக்கு மூன்று நாள். காலி கேனை வாசலில் வைத்துவிட்டு அடுத்த கேனுக்குக் காத்திருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு நிற்காது. எப்போதும் ஒன்று முழுசாக உள்ளே இருக்க வேண்டும்.

மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108.

யூகிக்கு என்ன ஆனது?

‘நல்லாத்தானே நடந்தான், எப்படிச் செத்தான்?’ என்ற கேள்வி பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது. கதைக்காக வலிந்து செய்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அடிபட்ட பிறகு பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தவர் மணிக்கணக்கு கழித்துச் சரிவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியலாம். வயிற்றுக்குள் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்த காலை விடுவித்ததும், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். 1995-இல் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானிய மருத்துவர்கள் இந்த மூன்றாவது வகையை நிறையப் பார்த்தார்கள்.

பைக்கிலிருந்து விழுந்த பிள்ளை, மாடிப்படியில் உருண்ட பிள்ளை, ‘ஒண்ணுமில்லம்மா’ என்று எழுந்து விளையாடப் போனாலும் ஒரு நாள் முழுக்கக் கண் வைத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், பேச்சில் குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வயிறு கல்லாக இறுகுதல், வியர்த்து வெளுத்துப்போதல்: இதில் ஒன்று இருந்தாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ‘தூங்கட்டும், காலையில பாப்போம்’ என்பதுதான் இதில் செய்கிற பெரிய தப்பு.

எப்படிப் பார்ப்பது?

மூன்று இரவாகப் பிரித்தால் பாரம் ஒழுங்காக இறங்கும்: முதல் நாள் 1 முதல் 4, இரண்டாம் நாள் 5 முதல் 7, மூன்றாம் நாள் 8 முதல் 11. கடைசி நாலையும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வைத்துக்கொள்வது உத்தமம். 10-ஆவதோடு நிறுத்திவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. அதிர்ச்சி இருப்பது 10-இல். அது இறங்க வழி இருப்பது 11-இல். மரி யூகியின் பையோடு மிராய் வீட்டுக்கு வருகிற பகுதி அது.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். சாவு வருவதால் சொல்லவில்லை. எது கனவு எது நிஜம் என்ற அந்த விளையாட்டு அவர்களைக் குழப்பிவிடும். ‘என் தம்பியும் நெஜமா இருக்கானா’ என்று ராத்திரியில் எழுந்து தொட்டுப் பார்ப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்த்தால், முடிந்ததும் உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்காமல், ‘எந்த இடத்துல உனக்குச் சந்தேகம் வந்துச்சு?’ என்று மட்டும் கேட்டால் போதும். அவர்களே பேசுவார்கள். 2004 சுனாமியில் யாரையாவது பறிகொடுத்தவர்கள், அண்மையில் வீட்டில் சாவு பார்த்தவர்கள் இருந்தால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதையின் சுவாரசியம் கெட்டால் கெட்டுப்போகட்டும்.

இரண்டு மூன்று நாள் கனத்துக் கிடப்பது இயல்பு. தூக்கமில்லாமை, திரும்பத் திரும்ப வரும் காட்சி, சாப்பாடு இறங்காமை இவை இரண்டு வாரத்தைத் தாண்டினால் தொடரோடு சேர்ந்து வேறு ஏதோ பழைய துக்கம் கிளறப்பட்டிருக்கிறது. 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மனாஸ் ஆலோசகர்கள் தமிழிலும் பேசுவார்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். கூப்பிட்டு ‘ஒரு கார்ட்டூன் பாத்தேன்’ என்று ஆரம்பிக்கக் கூச்சமாக இருந்தால், ‘தூக்கம் வரமாட்டேங்குது’ என்று ஆரம்பித்தாலும் போதும்.